மெடல் இருக்கட்டும், ஃபார்ம் 3 எங்கே?

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கேட்டுப் போகிறவர் பையில் இரண்டு கிலோ மெடல் கூட இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒரு தாள். எந்தப் போட்டி, நடத்தியது யார், எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனையாவது இடம், கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா? இந்த ஐந்தில் ஒன்று இடறினாலும் மூன்று வருட ஓட்டம் அந்த மேசையோடு நின்றுபோகும். வடசென்னையில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பஞ்சம் எல்லாம் அந்தத் தாளுக்குத்தான்.

வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வரை போனார்கள். அதே வியாசர்பாடி இளவழகி 2008-ல் கேரம் உலக சாம்பியன். புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. பழைய வண்ணாரப்பேட்டை பவானி தேவி ஒலிம்பிக்கில் வாள் வீசிய முதல் இந்தியர். இவர்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அடுத்த வரிசைக்காரர்களுக்கு. பல்கலைக்கழக ஜெர்சியை இரண்டு மூன்று வருடம் போட்டுவிட்டு, பி.காம். முடித்து, 22 வயதில் "அடுத்து என்ன?" என்று கிரவுண்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும்.

முதல் தப்பு கல்லூரியில் சேரும்போதே நடக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் நம் பக்கம் நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கின்றன: பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர், தண்டையார்பேட்டை பக்கம் ஆர்.கே.நகர் அரசுக் கல்லூரி. இதில் ரெகுலர் மாணவராக இருந்தால் மட்டும்தான் பல்கலைக்கழக அணி. துறைமுகத்திலோ காசிமேட்டிலோ வேலை பார்த்துக்கொண்டு "கரஸ்ல டிகிரி பண்றேன்" என்பவர் அதே பல்கலைக்கழகத்தின் மாணவர்தான், பட்டமும் அதே பட்டம்தான். ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் அவர் ஆட முடியாது. முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு வருடப் படிப்பாக இருக்க வேண்டும், ஜூலை 1 அன்று வயது 17-க்கு மேல், 25-க்குள் இருக்க வேண்டும். வீட்டுக்குச் சம்பாதிக்க வேண்டிய பையனுக்கு ஷிஃப்ட் கல்லூரி நல்ல வழி. மாலை ஷிஃப்டில் சேர்ந்தாலும் ரெகுலர் ரெகுலர்தான்.

சீசன் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். ஜூன், ஜூலையில் கல்லூரி அணித் தேர்வு. அடுத்து கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள். அதில் நன்றாக ஆடியவர்களை அழைத்துப் பல்கலைக்கழகத் தேர்வு, பிறகு கேம்ப். கேம்ப் முடிந்து அறிவிக்கும் அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். கால்பந்து மாதிரியான குழு ஆட்டங்களில் தென்மண்டலத்தில் முதல் நான்கு இடம் பிடிக்கும் பல்கலைக்கழகங்கள் அகில இந்தியச் சுற்றுக்குத் தகுதி பெறும். தடகளத்துக்கு மண்டலம் கிடையாது, நேராக அகில இந்தியப் போட்டிதான். அதற்கும் மேலே 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள்.

மூன்று வருட டிகிரி என்றால் கையில் மூன்று சீசன். முதல் வருடம் சீனியர்கள் இருப்பார்கள், பெஞ்சில்தான் இடம். அடுத்தது செமஸ்டரோடு மோதும். கடைசி வருடம் வீட்டில் "வேலைக்குப் போ" என்பார்கள். உருப்படியாகக் கிடைப்பது ஒன்றரை சீசன் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. பட்டமேற்படிப்பில் சேர்ந்தால் இன்னும் இரண்டு சீசன் கிடைக்கும். ஆட்டம் சூடாக இருக்கும் பையன் எம்.ஏ. சேர்வதை "டைம் வேஸ்ட்" என்று பேசுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

இப்போது அந்தத் தாளுக்கு வருவோம்.

மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் பணியாளர் துறை ஐந்து படிவங்கள் வைத்திருக்கிறது. நாட்டுக்கு ஆடினால் ஃபார்ம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் ஃபார்ம் 2. பல்கலைக்கழகத்துக்கு ஆடினால் ஃபார்ம் 3. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடினால் ஃபார்ம் 4. தேசிய உடல்திறன் விருதுக்கு ஃபார்ம் 5. இதில் ஃபார்ம் 3-ல் கையெழுத்துப் போட வேண்டியவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு ஒட்டுமொத்தப் பொறுப்பில் இருப்பவர். கல்லூரி முதல்வர் இல்லை, கல்லூரி பி.டி. சாரும் இல்லை. முதல்வர் பச்சை மையில் போட்டுக் கொடுத்த சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இடத்தில் செல்லாது.

போட்டி நடந்த ஊரில் கையில் கொடுக்கும் சான்றிதழும் ஃபார்ம் 3-ம் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அது போட்டியை நடத்திய பல்கலைக்கழகம் கொடுப்பது. ஃபார்ம் 3 உங்கள் பல்கலைக்கழகம் கொடுப்பது. முதலாவதை வைத்துத்தான் இரண்டாவதை வாங்க முடியும், இரண்டும் கையில் இருக்க வேண்டும். வாங்க வேண்டிய நேரம் அந்த சீசன் முடிந்த உடனே. பட்டம் வாங்கி மூன்று வருடம் கழித்து, விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் மெரினாவில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஓடினால், அந்த வருட அணிப் பட்டியலை யாராவது பழைய கோப்பிலிருந்து தேடி எடுக்க வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவர் அணியோடு வெளியூர் போயிருப்பார். அணிப் பட்டியலின் நகல் ஒன்றை அப்போதே மேனேஜரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆட்டத்தில் இறங்காத ரிசர்வ் ஆளுக்கும் பட்டியலில் பெயர் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லாமல் "கூட வந்த" ஆளுக்கு எதுவும் கிடையாது.

அடுத்த குழப்பம் "மூன்றாவது இடம்". தென்மண்டலத்தில் மூன்றாவது இடம் வந்துவிட்டு "இன்டர் யுனிவர்சிட்டி தேர்டு" என்று விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். ரயில்வே கேட்பது அகில இந்திய இன்டர் யுனிவர்சிட்டியில் முதல் மூன்று இடம். தென்மண்டலக் கோப்பையையே வென்றிருந்தாலும், அகில இந்தியச் சுற்றில் முதல் மூன்றுக்குள் வராவிட்டால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. வேண்டுமென்றே யாரும் பொய் எழுதுவதில்லை, சான்றிதழில் உள்ள தலைப்பை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பொய்யும் கவனக்குறைவும் ஒன்றுதான்.

ரயில்வேயின் கணக்கையும் மற்ற மத்திய அலுவலகங்களின் கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு விளையாட்டு மாதிரி.

வருமான வரி, சுங்கம், ஏ.ஜி. ஆபீஸ் (மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம்) போன்ற இடங்கள் பணியாளர் துறை விதிகளைப் பின்பற்றும். நேரடி நியமன இடங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கலாம். ஏ.ஐ.யு. என்கிற இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டியில் பல்கலைக்கழகத்துக்கு ஆடியிருந்தாலே விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. வயது வரம்பிலும் ஐந்து வருடம் வரை, எஸ்.சி., எஸ்.டி. என்றால் பத்து வருடம் வரை, தளர்வு தர இடம் இருக்கிறது. ஆனால் தகுதி வேறு, வரிசை வேறு. வரிசையில் முதலில் நாட்டுக்கு ஆடியவர், அடுத்து சீனியர் அல்லது ஜூனியர் நேஷனலிலோ தேசிய விளையாட்டுகளிலோ முதல் மூன்று இடம், அதற்கு அடுத்து இன்டர் யுனிவர்சிட்டியில் முதல் மூன்று இடம். பிறகு பள்ளி நேஷனல் இடம், உடல்திறன் விருது. "ஆடினேன், இடம் வரவில்லை" என்பவர் கடைசியான ஆறாவது வரிசை. மூன்று காலியிடத்துக்கு நூறு பேர் போடும்போது ஆறாவது வரிசைவரை கை நீளுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போட வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி வேறு எதுவும் செய்யாமல் இருக்காதீர்கள்.

ரயில்வேயின் திறந்த விளம்பரத்தில் வயது 18 முதல் 25 வரை. தளர்வே கிடையாது, எந்தப் பிரிவுக்கும் கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண். விளையாட்டுச் சாதனைக்கு 50, ட்ரையல்ஸில் ஆட்டத்திறன், உடல்தகுதி, பயிற்சியாளர் மதிப்பீடு எல்லாம் சேர்த்து 40, கல்விக்கு 10. ட்ரையல்ஸில் 40-க்கு 25 எடுத்தால்தான் அடுத்த கட்டத்துக்கே எடுத்துக்கொள்வார்கள். ஊதிய அளவில் லெவல் 2, 3 பதவிகளுக்கு மொத்தத்தில் 65, லெவல் 4, 5-க்கு 70, லெவல் 1-க்கு 60 குறைந்தபட்சம். இதைப் பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ட்ரையல்ஸில் பிரமாதமாக ஆடி 32 வாங்குகிறீர்கள், கல்விக்கு முழு 10 என்றே வைத்துக்கொள்வோம், 42 ஆகிறது. 65-ஐத் தொட இன்னும் 23 சாதனைப் பக்கத்திலிருந்து வந்தாக வேண்டும். கிரவுண்டில் காட்டுகிற திறமை மட்டும் போதாது என்பது அந்தக் கணக்கிலேயே எழுதியிருக்கிறது.

சாதனைக்கும் காலாவதி உண்டு. எந்தத் தேதிக்குப் பிறகு நடந்த போட்டிகள் கணக்கில் வரும் என்று ஒவ்வொரு விளம்பரத்திலும் போட்டிருப்பார்கள். போட்டி முடிந்த நாளைத்தான் பார்ப்பார்கள். அதனால்தான் சான்றிதழில் "2023-24" என்று மட்டும் அச்சடித்துத் தேதியை விட்டுவிட்டால் தலைவலி. வாங்கும்போதே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். ஊர் திரும்பிய பிறகு அந்த வேலை நடக்காது.

விளம்பரத்தில் இன்னொரு வரியும் உண்டு, அதை யாரும் படிப்பதில்லை: எந்த இடத்துக்கு ஆள் தேவை என்பது. கால்பந்து என்று போட்டிருந்தால் பக்கத்திலேயே கோல்கீப்பர் 1, டிஃபெண்டர் 1 என்று இருக்கும். குத்துச்சண்டை, பளுதூக்குதல் என்றால் எடைப்பிரிவு. தடகளம் என்றால் எந்த ஓட்டம், எந்தத் தாண்டல். விங்கில் ஆடுகிறவர் டிஃபெண்டர் இடத்துக்குப் போட்டு 500 ரூபாய் கட்டுவதில் பயன் இல்லை. ட்ரையல்ஸுக்கு நேரில் வந்தால் அதில் 400 திரும்பி வரும், எஸ்.சி., எஸ்.டி., பெண்கள், சிறுபான்மையினர் முதலியோருக்குக் கட்டணம் 250, அது முழுதாகத் திரும்பும். அதற்காகவே வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாக நிரப்புங்கள். பெரம்பூரில் இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஒரு தனி நிர்வாகம், தெற்கு ரயில்வே வேறு. இரண்டும் தனித்தனியாக ஆள் எடுக்கும். ஒன்றில் போட்டால் மற்றதிலும் போட்ட மாதிரி என்று நினைத்துக் கோட்டை விடாதீர்கள்.

சம்பளம் தெரிந்திருக்கட்டும். ஏழாவது ஊதியக் குழுப்படி அடிப்படை ஊதியம் லெவல் 1-க்கு 18,000, லெவல் 2-க்கு 19,900, லெவல் 3-க்கு 21,700, லெவல் 4-க்கு 25,500, லெவல் 5-க்கு 29,200. இதற்கு மேல் பஞ்சப்படியும் வீட்டு வாடகைப் படியும். லெவல் 4, 5-க்குப் பட்டம் வேண்டும். லெவல் 2, 3-க்குப் பிளஸ் டூ அளவில் கேட்பார்கள். அரியர் வைத்திருப்பவர் எந்த வாசலில் நிற்கிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அரியர்தான் வடசென்னைக் கல்லூரி ஆட்டக்காரரின் உண்மையான எதிரணி. தென்மண்டலப் போட்டிகள் பெரும்பாலும் நவம்பர் செமஸ்டரைச் சுற்றித்தான் வரும். கேம்புக்கும் பயணத்துக்கும் சேர்த்து மூன்று வாரம் போனால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதற்குத்தான் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம், ஆடப் போன நாட்களை வந்த நாட்களாகக் கணக்கு வைப்பதற்கு. அது தானாக வராது. கேம்ப் தொடங்கும் முன்பே பல்கலைக்கழக அழைப்புக் கடிதத்தின் நகலைத் துறைத் தலைவரிடம் கொடுத்து, திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றிதழைக் காட்டி, வருகைப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். "சார் பாத்துக்குவாரு" என்று விட்டவர்கள் ஹால் டிக்கெட் வரும் வாரத்தில் வராண்டாவில் நிற்பார்கள். இன்டர்னல் மதிப்பெண்ணும் இதே மாதிரிதான், தவறவிட்ட டெஸ்டை எழுத அனுமதி கேட்டு வாங்குவது உங்கள் வேலை.

வருமான வரித்துறையில் டாக்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்குப் பட்டம் வேண்டும்; கூடவே கணினியில் மணிக்கு 8,000 விசை அழுத்தும் வேகமும் வேண்டும். கிளார்க் பதவிகளில் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் கேட்கிறார்கள். நம் தமிழ்நாட்டு டைப்ரைட்டிங் தேர்வில் இங்கிலீஷ் லோயர் என்பது 30 சொல்தான்; ஹையர் 45. அதனால் லோயர் முடித்துவிட்டு நிறுத்தாமல் ஹையரும் எழுதிவிடுவது நல்லது. மூலக்கடையிலிருந்து மின்ட் வரை எங்கே பார்த்தாலும் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் உண்டு. காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்கு இதைவிட உருப்படியான வேலை இல்லை.

காவல்துறை வேறு கணக்கு. சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலருக்கும் சப்-இன்ஸ்பெக்டருக்கும் 10 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் எழுத்துத் தேர்வு எல்லோருக்கும் பொது. காவலர் தேர்வில் தமிழ் தகுதித் தாளில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பல்கலைக்கழக ஆட்டக்காரருக்கு இது ஓட்டமே இல்லை. இருந்தும் கீப்பர்களும் பளுதூக்கும் பசங்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள், காரணம் நீள ஓட்டம் பழகாததுதான். ஆறு வாரம், வாரத்துக்கு நாலு நாள் ஓடினால் போதும். காவலர் ஊதிய விகிதம் 18,200-ல் தொடங்கும், சப்-இன்ஸ்பெக்டர் 36,900-ல். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு டிகிரி, ஒரு தேர்வு. இதற்கு மேல் தமிழக அரசுத் துறைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு தனியாக இருக்கிறது. அது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாக நடக்கும், அவர்கள் இணையதளத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

கேரம்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மத்திய அரசின் ஸ்போர்ட்ஸ் கோட்டா பட்டியலில் கேரம் இருக்கிறது. "இதெல்லாம் கணக்கில் வராதுப்பா" என்று தெருமுனையில் சொல்பவரை நம்பாதீர்கள். 1996-க்கான அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் நம்ம சென்னைக்காரர்தான். ஆனால் கேரமுக்கு நல்ல வழி ஃபார்ம் 2: மாவட்டம், மாநிலத் தரவரிசை, மாநில அணி, நேஷனல். கல்லூரிக் கோப்பையை மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் தாள் சேராது.

இந்த ஃபார்ம் 2-ல்தான் பெரிய பள்ளம் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் அங்கீகாரம் பெற்ற தேசிய சம்மேளனத்தின் அல்லது மாநிலச் சங்கத்தின் செயலாளர். ஒரே விளையாட்டுக்கு இரண்டு சங்கம், இரண்டு செயலாளர், இரண்டு லெட்டர்ஹெட் இருப்பது நம் ஊரில் புதிதில்லை. அதோடு "நேஷனல்" என்று பெயர் வைத்து, ஆளுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கிக்கொண்டு, கோவாவிலோ நேபாளத்திலோ மூன்று நாள் போட்டி நடத்தி, போனவர்களுக்கெல்லாம் தங்கம் மாட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. ஏரியா முழுக்க ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். அந்தச் சான்றிதழ் சரிபார்ப்பில் செல்லாது. அப்பா வாங்கிய கந்துவட்டி மட்டும் நிற்கும். பணம் கட்டும் முன் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனங்கள் பட்டியலில் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சொல் முன்னால் பின்னால் மாறியிருந்தாலும் அது வேறு சங்கம். உண்மையான மாநில அணிக்குத் தேர்வுப் போட்டி என்று ஒன்று நடந்திருக்கும். பணம் கட்டியவரெல்லாம் அணி என்றால் சந்தேகப்படுங்கள்.

பெயர் விவகாரம் நம்ம ஊருக்கே உரிய நோய். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்". ஆதாரில் "கார்த்திக் செல்வம்". போட்டி நடத்திய வடநாட்டுப் பல்கலைக்கழகம் "எஸ். கார்த்திக் குமார்" என்று அடித்துக் கொடுத்திருக்கும், அங்கே இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது. நமக்கு மூன்றும் ஒரே ஆள், சரிபார்ப்பவருக்கு மூன்று ஆள். போட்டிக்கான தகுதிப் படிவம் நிரப்பும்போது, பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளதை அப்படியே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எளிது, மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு. சான்றிதழ் தப்பாக வந்தால் போட்டி நடக்கும் இடத்திலேயே மேனேஜர் மூலம் திருத்தி வாங்குங்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று இருந்தால் வயதுப் பிரிவுப் போட்டிகளில் பெரிய பிரச்சினை ஆகும்.

அடிபடுவது பற்றிச் சுருக்கமாக. புல் இல்லாத கெட்டி மண்ணில் நீள ஸ்டட் ஷூ போட்டு ஆடினால் பாதம் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் ஜவ்வு கிழியும். மண் கிரவுண்டுக்குக் குட்டை ஸ்டட் உள்ள டர்ஃப் ஷூதான் சரி. ஏ.சி.எல். என்கிற அந்த ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் செய்தால் மறுபடி ஆட்டத்துக்கு வரக் குறைந்தது ஒன்பது மாதம், அதாவது முழுசாக ஒரு சீசன். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், எண்ணெய் போட்டு உருவிவிடும் இடத்துக்குப் போய் மூன்று மாதத்தைத் தொலைக்காதீர்கள். வீக்கம் குறைந்ததும் ஆட இறங்குவதுதான் இரண்டாவது கிழிசலுக்குக் காரணம்.

ஊக்கமருந்து இன்னும் மோசம். ஜிம்மில் "இது வெறும் புரோட்டீன்" என்று தரும் லேபிள் இல்லாத டப்பாவிலும் ஊசியிலும் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது. தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடா பல்கலைக்கழகப் போட்டிகளிலும் மாதிரி எடுக்கிறது. சிக்கினால் முதல் தடவைக்கே நான்கு வருடம் வரை தடை. 21 வயதில் நான்கு வருடம் போனால் ரயில்வே வயது வரம்பு முடிந்தது. அவித்த முட்டையும் வேர்க்கடலையும், காசிமேட்டில் காலையில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் இருக்கும்போது அந்த டப்பா எதற்கு?

போட்டி முடிந்த தேதிக்கும் வேலை விளம்பரத் தேதிக்கும் நடுவில் என்ன செய்வது என்பதும் ஒரு கேள்வி. ஜனவரியில் தென்மண்டலம் முடிந்ததும் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். ட்ரையல்ஸ் எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாது, கடிதம் வந்த பிறகு பத்துப் பதினைந்து நாளில் உடம்பு வராது. கால்பந்துக்காரர்களுக்குச் சென்னை லீக் இதற்காகவே இருக்கிறது. அதில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, வருமான வரி, சுங்கம், ஏ.ஜி. ஆபீஸ் அணிகள் ஆடுகின்றன. அந்த அணிகளுக்கு எதிராக ஒரு கிளப் ஜெர்சியில் நன்றாக ஆடுவது எந்த விண்ணப்பத்தையும்விட முன்னால் போய் நிற்கும். அங்கே பயிற்சியாளர் உங்களைத் தொண்ணூறு நிமிடம் பார்க்கிறார், ட்ரையல்ஸில் இருபது நிமிடம்தான்.

வேலை கிடைக்கவில்லை, ஆனால் கிரவுண்டை விட மனமில்லை என்பவர்களுக்குப் படிப்பு வழி. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். இரண்டு வருடம். சேர்வதற்குப் பட்டப்படிப்பில் 50 சதவீதம் கேட்பார்கள், கூடவே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆடிய சான்றிதழாவது வேண்டும். ரயில்வேக்கு உதவாத தாள் இங்கே கதவு திறக்கும், எதையும் தூக்கிப்போடாதீர்கள். 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. பயிற்சியாளர் ஆக வேண்டுமென்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.-ன் ஒரு வருட டிப்ளமோதான் மதிப்பு உள்ளது. ஆறு வாரச் சான்றிதழ் பள்ளி, அகாடமி வேலைக்கு உதவும், அரசுப் பயிற்சியாளர் பணிக்கு அதை டிப்ளமோ மாதிரி நினைக்கக் கூடாது. கால்பந்தில் அகில இந்தியச் சம்மேளனமான ஏ.ஐ.எஃப்.எஃப். தரும் பயிற்சியாளர் டி லைசென்ஸ் ஒரு வாரத்துக்குள் முடியும். ஏரியாவில் பசங்களைப் பழக்கிக்கொண்டிருப்பவர் அதை முதலில் வாங்கிவிடலாம்.

கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு எம்.பி.எட். 55 சதவீதம், விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட், இல்லாவிட்டால் பிஎச்.டி. அதோடு உடல்தகுதித் தேர்வும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 30 வயது வரை உள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், 40 வரை 1,500 மீட்டர் கடக்க வேண்டும். பெண்களுக்கு 8 நிமிடத்தில் 30 வயது வரை 1,000, 40 வரை 800. தூரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆறு வருடம் நெட்டுக்கு உட்கார்ந்து படித்து, பிரியாணியில் ஏறிய பதினைந்து கிலோவோடு ஓடிப் பார்த்தால்தான் தெரியும்.

கடைசியாக அந்தத் தாள்களைப் பற்றி. எந்தச் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரை மேடாக இருக்கிறதா, மை அசலா என்று தொட்டுப் பார்க்க முடியாமல் போகும். பிளாஸ்டிக் கவர் ஃபைல் போதும். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே ஒன்று அனுப்பி வையுங்கள். தொலைந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கை பதிவு செய்து, அதோடு போட்டி நடத்திய பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும். ஸ்கேன் இருந்தால் நகல் கேட்பது எளிது. ஃபைலைப் பரண்மேல் வையுங்கள், கட்டிலுக்கு அடியில் வேண்டாம். வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் டிசம்பர் தண்ணீர் முதலில் வந்து நிற்பது அங்கேதான்.